கொடிமரம் பிடித்த கை

வேப்பூரணி மாரியம்மன் கோயில் கொடிமரம் முதன்முதலில் பிடித்து வைத்துக்கொண்டது சங்கிலிக்காளையைத்தான். பட்டாசு ஆபீஸில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலையில், மருந்து கலக்குகிற அந்த மனுஷன், ஆபீஸ் பஸ் வருவதற்குள் ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று வழக்கம்போலக் கோயிலுக்குள் நுழைந்து, அந்த மாசியில்தான் புதுசாகத் தங்கமுலாம் பூசியிருந்த கொடிமரத்தில் உள்ளங்கையை வைத்து, "தாயே, இன்னிக்கும் முழுசா வீட்டுக்கு அனுப்பிரு" என்று வேண்டிவிட்டுக் கையை எடுக்கப் பார்த்தார், கை வரவில்லை. இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார், பூசாரி கொடுத்த விளக்கெண்ணெயை ஊற்றிப் பார்த்தார், பஸ் வாசலில் நின்று ஆரன் அடிக்கவும், "நான் வரலைன்னு சொல்லிருங்கப்பா, அம்மன் பிடிச்சு வச்சிருக்கா" என்று கத்திவிட்டு அப்படியே சாய்ந்து நின்றுகொண்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, சரி, அவர் பங்கு வேலையை இன்றைக்கு யார் பார்ப்பது என்று பேசிக்கொண்டே போனார்கள்.

சாயங்காலத்துக்குள் இன்னும் நாலைந்து பேர் ஒட்டிவிட்டார்கள், அவரை இழுத்துவிடப் போனவர்கள், இதென்னடா கூத்து என்று தொட்டுப் பார்க்கப் போனவர்கள், தொடாதே தொடாதே என்று மற்றவர்களைத் தடுக்கப் போய்க் கால் இடறித் தானே கையை ஊன்றியவர்கள். வாத்தியார் தொட்டார், ஒட்டவில்லை. தபால்காரர் தொட்டார், ஒட்டவில்லை. பூசாரி மாடசாமி தினமும் துடைக்கிறார், அவரையும் ஒன்றும் செய்யவில்லை. ஒட்டினவர்கள் எல்லாரும் பட்டாசு ஆபீஸ்காரர்கள், அதிலும் கந்தகத்தில் கை வைத்தவர்கள் என்பது ஊருக்குப் புரியக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. கந்தகம் சலிக்கிற பெண்களின் வெள்ளிக் கொலுசு மாசத்துக்குள் கறுத்துப்போவது அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். வெள்ளிக்கு ரோஷம் ஜாஸ்தி, கந்தகம் பட்டவுடன் முகத்தைக் கறுத்துக் காட்டிவிடும். தங்கம் அப்படி இல்லை, முகத்தில் ஒன்றும் காட்டாது, சிரித்த முகம் சிரித்தபடி இருக்கும், ஆனால் கந்தகத்தைக் கண்டால் விடாது. இத்தனை நாளும் அது விடாமல்தான் இருந்தது, மூக்குத்தியும் தாலியும் யார் கழற்றுகிறார்கள், அதனால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஊர் எதற்குத்தான் அசந்துபோகும்? கொஞ்ச நாள் வாயைப் பிளந்தது, அப்புறம் கொடிமரத்தைச் சுற்றிக் கீற்றுப்பந்தல் போட்டது, ஒட்டினவர்களுக்கு யார் வீட்டிலிருந்து என்றைக்குச் சாப்பாடு என்று முறை வைத்தது, பெண்கள் ஒதுங்கச் சேலைமறைப்புக் கட்டியது, டீக்கடைக்காரர் அங்கேயே ஒரு அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார். ஒட்டினவர்களுக்கு வலி இல்லை, காந்தல் இல்லை, எல்லாரும் ஒரே பக்கமாக, அளவெடுத்ததுபோல் ஒரே சாய்வில் சாய்ந்து, தோளோடு தோள் உரச வட்டமாக நின்றார்கள். ஒரு வட்டம்தான், அதற்குமேல் இல்லை. வட்டம் நிரம்பிவிட்டால் பின்னால் வந்து நிற்கிறவரைக் கொடிமரம் சீண்டாது, முன்னால் நிற்பவரின் முதுகைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம்.

இன்னொரு சங்கதியும் தெரியவந்தது, இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லேபிள் ஒட்டுகிற பெண் ஒருத்தி மாட்டிக்கொண்டு அழுதபோது, கந்தகம் சலிக்கிற செவத்தி ஓடிவந்து அவள் கைக்கு அடியில் தன் விரலை நுழைத்து நெம்பினாள், அந்தப் பெண்ணின் கை பொட்டென்று கழன்றது, செவத்தியின் கை அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. உடம்பில் கந்தகம் கூடினவர் வந்தால் குறைந்தவரைத் தங்கம் விட்டுவிடும். குறைந்தவர் எத்தனை பேர் கூடி வந்து இழுத்தாலும் கூடினவரை விடாது. அப்படியானால் கூடினவர் கதி? வெயில்தான். லேபிள் ஒட்டுகிற, குழாய் உருட்டுகிற லேசான கைகளை உச்சிவெயிலில் கொடிமரம் சுட்டதும் தானே விட்டுவிட்டது. செவத்தியையும் சங்கிலிக்காளையையும் பங்குனி வெயிலும் அசைக்கவில்லை, சித்திரை முடியப்போகிற நேரத்தில், அக்னி நட்சத்திரத்தில், பந்தலைப் பிரித்துப் போட்டுத் தகரம்போலக் கொதித்த கொடிமரத்தடியில் ஊரே குடம் குடமாக அவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றபோதுதான் விட்டது. அதற்கப்புறம் ஆபீஸ்காரர்கள் கொடிமரத்தைத் தள்ளி நின்றே கும்பிட்டார்கள், எல்லாம் பழையபடி ஆனது.

கல்யாணப் பெண்களுக்கு மட்டும் தள்ளி நிற்க வழியில்லை. வேப்பூரணியில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதென்றால் முகூர்த்தத்துக்கு முன்னால் அவள் வலது உள்ளங்கையைக் கொடிமரத்தில் வைத்து, "இந்த வீட்டுப் பிள்ளை அந்த வீட்டுக்குப் போறேன், தாயே" என்று சொல்லியாக வேண்டும், சொன்னால்தான் தாலி. மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டிய வேல்கனிக்குச் சிக்கல் அங்கேதான் இருந்தது.

வேல்கனி புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள், கந்தகம் சலித்துச் சலித்தே ஒற்றைப் பிள்ளை பாண்டிமீனாவை ஆளாக்கினவள். இருமல் வந்து மூச்சு இரைக்க ஆரம்பித்த பிறகு போர்மேன் என்ன நினைத்தாரோ, தானாகக் கூப்பிட்டு, "நீ போய் லேபிள் ஒட்டும்மா" என்று மாற்றிவிட்டார், அந்தப் புண்ணியவானை அவள் கும்பிடாத நாள் இல்லை. பாண்டிமீனாவும் அதே ஆபீஸில் வெடிச்சரம் பின்னுகிற ரூமில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சங்கரபாண்டி தன் மகன் வன்னியராஜுக்குப் பெண் கேட்டு வந்தபோது, வேல்கனி மகளை ஆபீஸிலிருந்து நிறுத்திக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

வந்த மனுஷன் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிட்டார். "பொண்ணு ஆபீஸுக்குக் கீபீஸுக்குப் போயிருக்காளா? தப்பா நினைக்காதீங்கம்மா. எங்க வம்சத்துல மருந்தைத் தொட்ட கை ஒண்ணும் கிடையாது. நாளைக்குப் பிள்ளை குட்டிக்கு நோய் நொடின்னு வந்தா என்ன செய்றது?"

உண்மையைச் சொல்லத்தான் வேல்கனி வாயைத் திறந்தாள். சத்தியமாக அதற்குத்தான் திறந்தாள். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த பையனின் முகம் நல்ல முகமாக இருந்தது, உள்ளே கதவிடுக்கில் மகள் நின்ற நிலையும் தெரிந்தது, "போனதே இல்லை அண்ணாச்சி, வீட்டை விட்டு இறங்கினதில்லை" என்று வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. சங்கரபாண்டி தலையை ஆட்டிக்கொண்டார். அவர் சம்சாரம் தெய்வானை சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். முந்தானைக்குள் இரண்டு கையையும் சுருட்டி வைத்துக்கொண்டு, வேல்கனியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கோத்த வெறும் தாலிக்கயிறு, கையில் கண்ணாடி வளையல், வேறு நகை கிடையாது. இத்தனை வசதி இருந்தும் பொட்டுத் தங்கம் போடமாட்டாள், ஏதோ வேண்டுதல் என்று கூட வந்த பெண்கள் பெருமையாகச் சொன்னார்கள். புருஷனைவிட இந்த அம்மாளைப் பார்த்துத்தான் வேல்கனி பயந்தாள். கண்டுபிடித்துவிட்டாள், இவள் கண்டுபிடித்துவிட்டாள் என்றே நினைத்தாள்.

கல்யாணம் தையில் என்று முடிவானது. "அருப்புக்கோட்டையில மண்டபத்துல வச்சிருவோமே" என்று வேல்கனி கெஞ்சாத குறையாகக் கேட்டுப் பார்த்தாள். "அதெப்படி? பொண்ணு ஊரு வழக்கத்தை நாம மாத்தலாமா? தங்கக் கொடிமரமாமே, மருந்தைத் தொட்ட கையப் பிடிச்சுக்குதாமே, நானும் பார்க்கணும்" என்று சங்கரபாண்டி சிரித்தார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் சேந்தும்போது கொடிமரம், லேபிளுக்குப் பசை தடவும்போது கொடிமரம், கண்ணை மூடினால் மகளின் உள்ளங்கை. அவள் பயந்தது தன் மானம் போகுமே என்று இல்லை, அது எப்போதோ பழகிப்போனது. எல்லார் முன்னாலும் மகள் ஒட்டிக்கொண்டு நிற்க, மாப்பிள்ளை வீட்டார் வேன் ஏறிப் போவதை அவள் அங்கேயே நின்று பார்க்கவேண்டி வருமே, ஓடி ஒளியக்கூட அவளுக்குக் கால் இருந்தும் வழி இராதே, அந்த நினைப்புத்தான் வேல்கனியைத் தின்றது.

நினைத்து நினைத்து ஒரு யோசனை பிடித்தாள். வட்டம் நிரம்பியிருந்தால் கொடிமரம் புதிதாக யாரையும் பிடிக்காது அல்லவா? அப்படியானால் மகள் வருவதற்கு முன்னாலேயே வட்டத்தை நிரப்பிவிட்டால் என்ன? பூசாரி மாடசாமியிடம் போய் நின்றாள். அவர் கொஞ்ச நேரம் காதைக் குடைந்துவிட்டு, "தொட்டு நிக்கிறவங்க கையத் தொட்டாலும் கொடிமரத்தைத் தொட்ட கணக்குத்தான். ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்று சொல்லிவிட்டார்.

யாரை நிறுத்துவது என்பதில்தான் வேல்கனி தப்புச் செய்தாள், மனசு கேட்காமல் செய்த தப்பு. கந்தகத்தில் ஊறின கை என்றால் செவத்தியையும் சங்கிலிக்காளையையும் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் தையில் ஒட்டினால் அவர்கள் அக்னி நட்சத்திரம்வரை அல்லவா நிற்க வேண்டும், அவர்கள் வீட்டில் உலை யார் வைப்பது? அதனால் தன்னோடு லேபிள் ஒட்டுகிற குருவம்மாளையும் மற்றப் பெண்களையும் கேட்டாள். "உச்சிவெயில் வந்தா விட்டுரும்த்தா, பந்தியில கடைசிப் பந்திக்கு உக்காந்துரலாம்." சரம் பின்னுகிற கைக்கும் லேபிள் ஒட்டுகிற கைக்கும் கந்தகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, புதிதாக வருகிற கை இருக்கிற கையைத் தள்ளாது என்று அவள் கணக்குப் போட்டாள். குருவம்மாள், "உன் பிள்ளைக்கு இல்லாம யாருக்கு மதினி நிக்கப் போறோம்?" என்று கேட்டபோது வேல்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் அந்தப் பெண்கள் குளித்து முழுகிப் பூ வைத்து வந்து ஆளுக்கொரு பக்கமாகக் கொடிமரத்தில் கையை வைத்து ஒட்டிக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே சாய்வில் சாய்ந்தார்கள். "என்னம்மா இது?" என்று சங்கரபாண்டி கேட்டதற்கு, "பொண்ணுக்குத் துணை நிக்கிறாக, எங்க ஊரு வழக்கம்" என்று பூசாரியே ஒரு பொய் சொல்லிப் புண்ணியம் கட்டிக்கொண்டார். தெய்வானை தூரத்தில், கோயில் தூணோரம் நின்றாள். சீர்த்தட்டை வாங்கச் சொன்னபோதுகூட அவள் கை முந்தானையை விட்டு வெளியே வரவில்லை, தட்டில் பெண்ணுக்குப் போடத் தங்கச்சங்கிலி இருந்தது, வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

பாண்டிமீனாவைக் கூட்டிவந்தார்கள். வேல்கனி அவள் காதோரம் குனிந்து, "குருவம்மாச் சித்தி புறங்கையில மேலாக்கத் தொடு, போதும். அழுத்தாத" என்றாள். மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள், உதடு வெளுத்திருந்தது. "யம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "எல்லாம் பெறகு சொல்லலாம், போ போ, நேரமாகுது" என்று வேல்கனி அவளை முன்னால் தள்ளினாள். பாவி, அந்த நேரத்திலாவது காது கொடுத்திருக்கலாம்.

பாண்டிமீனா கையை நீட்டினாள். விரல்நுனி குருவம்மாளின் புறங்கையைத் தொட்டதா இல்லையா என்றுகூட யாரும் சொல்ல முடியாது, அதற்குள் குருவம்மாள் "அய்யய்யோ" என்று பின்னால் சரிந்து உட்கார்ந்தாள், அவள் கை இருந்த இடத்தில் பாண்டிமீனாவின் உள்ளங்கை படிந்துவிட்டது, பளிச்சென்று, விரல் அகல விரிந்து. பெண் மெல்லச் சாய்ந்து மற்றவர்களோடு ஒரே சாய்வில் நின்றாள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"ஆபீஸுக்கே போனதில்லைன்னு சொன்னீங்க" என்றார் சங்கரபாண்டி. சத்தம் போடக்கூட இல்லை, அதுதான் கொடுமை.

வேல்கனிக்கு அவர் சொன்னது காதில் விழவில்லை. கீழே கிடக்கும் குருவம்மாளையும் மகளின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். வருஷக்கணக்காக லேபிள் ஒட்டினவளின் கையைத் தள்ளுகிற அளவுக்குச் சரம் பின்னின பிள்ளைக்கு ஏது கந்தகம்? "ஏட்டி, நீ சரந்தானே பின்னுன?"

"இல்லம்மா" என்றாள் பாண்டிமீனா. கொடிமரத்தைப் பார்த்தபடிதான் சொன்னாள். "உனக்கு மூச்சு இரைக்குதுன்னு போர்மேன்கிட்டப் போய்ப் பேசினேன். ஒரு ஆள் சலிக்கிற ரூமுக்கு வந்தாத்தான் ஒரு ஆள விட முடியும்னாரு. உனக்குச் சொல்லக் கூடாதுன்னு அந்த ரூமுல எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு, உன் சல்லடையத்தாம்மா நான் வாங்கிக்கிட்டேன்."

இத்தனை நாள் எந்தப் புண்ணியவானைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று வேல்கனிக்கு அப்போதுதான் தெரிந்தது. மாலையில் ஆபீஸ் விட்டு வந்தால் மகள் குளித்துவிட்டுத்தான் அம்மா பக்கத்தில் வருவாள், தலைக்குச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பாள், வயசுப்பிள்ளை சிங்காரிக்கிறாள் என்று இவள் கேலி பண்ணியிருக்கிறாள். அழுவதற்கு நேரமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மகளின் உள்ளங்கைக்கு அடியில் தன் விரலை நுழைத்தாள், தாய் கந்தகத்துக்கு முன்னால் பிள்ளை கந்தகம் எம்மாத்திரம், பாண்டிமீனாவின் கை கழன்றது, வேல்கனியின் கை அந்தச் சூட்டோடு அதே இடத்தில் உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, பொய் சொன்னது நான். பிள்ளை ஒரு வார்த்தை பொய் சொல்லல. நான் இங்கனயே கிடக்கேன், அக்னி நட்சத்திரம் வரைக்கும் கிடக்கேன், எம்பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்று வேல்கனி சாய்ந்த வாக்கிலேயே கத்தினாள். ஒற்றைக் கையால் கும்பிட முடியவில்லை, ஆனாலும் கும்பிட்டாள்.

சங்கரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரிங்கப்பா, வண்டிய எடுக்கச் சொல்லு. எங்க வீட்டுக்கு மருந்தைத் தொட்ட கை வேண்டாம்." மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த வன்னியராஜ் எழுந்திருக்கவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை. தூணோரம் நின்ற அம்மாவைப் பார்த்து, "யம்மா" என்று மட்டும் சொன்னான்.

தெய்வானை தூணை விட்டு நகர்ந்தாள். வழி விடச் சொல்லாமலே வழி விட்டார்கள். அவள் நேராகக் கொடிமரத்தடிக்கு வந்து, முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தாள், எல்லாரும் பார்க்கும்படியாகத் திருப்பிக்கூடக் காட்டினாள். நல்ல கைதான், ரேகை ஓரங்களில் மட்டும் வெளுத்த மஞ்சள் படிந்து கிடந்தது. "கொஞ்சம் தள்ளுங்க மதினி" என்றாள். வேல்கனி, "வேண்டாம், நீங்க எதுக்கு, தொடாதீங்க" என்று பதறுவதற்குள் அந்தக் கை வந்து படிந்தது. முப்பது வருஷத்துக்குக் கிட்ட கந்தகம் சலித்த வேல்கனியின் கையைக் கொடிமரம் உடனே விட்டுவிட்டது. அவள் தடுமாறி மகளின் மேல் சாய்ந்தாள்.

"தெய்வானை" என்றார் சங்கரபாண்டி.

"ஆமா, நான்தான். எட்டயபுரம் பக்கம் தீப்பெட்டி ஆபீஸுல எங்காத்தா கந்தகம் காய்ச்சுற அடுப்புக்குப் பக்கத்துலயே என்னையப் பெத்துப்போட்டா. தவழ்ந்தது, நடந்தது, வேலை பார்த்தது எல்லாம் அங்கதான். அதைச் சொன்னா நீங்க கட்டமாட்டீங்கன்னு எங்கய்யா சொல்லல, நானும் சொல்லல. தங்கம் என் மேல ஒட்டுறது எனக்குச் சின்னதுலயே தெரியும், பொட்டுத் தங்கம் போட்டா எங்க தெரிஞ்சுருமோன்னு போடல. இந்தக் கைதான் இத்தனை வருஷமும் உங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டுச்சு. இந்தா நிக்கிறான் உங்க மகன், அவனுக்கு என்ன நோய் வந்துச்சு? சொல்லுங்க." நிறுத்தாமல் வேல்கனி பக்கம் முகத்தைத் திருப்பினாள். "பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு இந்த மதினி பொய் சொன்னாக. சொல்லும்போதே எனக்குத் தெரியும். எங்கய்யாவும் இப்படித்தான் சொன்னாரு. பாவம், இந்தப் பொம்பளை இனி எத்தனை நாள் தூங்க மாட்டாளோன்னுதான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

வேன்காரர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, யாரும் வராததால் திரும்ப நிறுத்தினார். சங்கரபாண்டி சம்சாரத்தின் பக்கத்தில் போய், அவள் கை மேல் தன் கையை வைத்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வலிக்குதா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் துண்டை எடுத்து அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, பூசாரியைப் பார்த்து, "முகூர்த்தம் இன்னும் இருக்கா?" என்றார்.

இருந்தது. பாண்டிமீனா தெய்வானையின் புறங்கையைத் தொட்டு, "இந்த வீட்டுப் பிள்ளை அந்த வீட்டுக்குப் போறேன், தாயே" என்று சொன்னாள், கொடிமரத்தடியிலேயே பாயை விரித்து, தெய்வானைக்குத் தெரிகிற மாதிரி பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துத் தாலி கட்டினார்கள். பாண்டிமீனாவின் நெஞ்சில் விழுந்த தாலி விழுந்த இடத்திலேயே படிந்துகொண்டது. உச்சிவெயில் ஏறியதும் லேபிள் பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்று கடைசிப் பந்திக்கு ஓடினார்கள். வட்டத்தில் தெய்வானை மட்டும் நின்றாள். அவளுக்கு மேலே கந்தகம் ஏறின ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது என்று செவத்தியும் சங்கிலிக்காளையும் வந்து, கொடிமரத்தில் படாமல் ஆளுக்கொரு தரம் அவள் மணிக்கட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்கள்.

வேல்கனி இலையில் சோறும் பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். "மதினி, இன்னும் மூணு நாலு மாசம் ஆகுமே, எனக்காக இப்படி வந்து நின்னுட்டீங்களே" என்று அழுதாள்.

"அழாதீங்க, சோத்தைக் குடுங்க, பசிக்குது" என்றாள் தெய்வானை. ஒரு வாய் வாங்கி மென்று முழுங்கினாள். பிறகு கொடிமரத்தில் விரிந்து கிடந்த தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்னி நட்சத்திரம் வரைக்கும் இதை நான் எங்கயும் ஒளிச்சு வைக்க வேண்டாம் மதினி" என்றாள்.

வேல்கனி அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.